காலியாக விடப்பட்ட இரண்டாம் கட்டம்

முதன்முதலில் நான் பார்த்தபோது அந்த லிங்க் என் கைபேசித் திரையில் ஒன்பது வரிகளுக்கு நீண்டிருந்தது. ஒரு கேள்விக்குறி; அதன்பின் ஆங்கிலச் சொல் ஒன்று, சமக்குறி, சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நெரிசல்; மறுபடி ஒரு சொல், சமக்குறி, நெரிசல். யாரோ ஒரு பெண்ணின் பெயரைத் தமிழில் அடித்து, 'தேடு' என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள். படிவத்தில் நிரப்பியதையெல்லாம் பிரவுசர் அப்படியே இணைய முகவரியின் வாலில் கட்டிவிட்டிருந்தது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று சதவீதக் குறிகளாக உடைந்ததில், அந்தப் பெண்ணின் பெயர் அங்கே இருந்தும் படிக்க முடியாததாகிவிட்டிருந்தது.

"இது லிங்க்கா பிள்ள, இல்ல யாரும் கீபோர்டு மேல உக்காந்துட்டாங்களா?" என்று கேட்டார் வழக்கறிஞர் அக்கா. திருநெல்வேலிக்காரர். தில்லியில் இருபது ஆண்டுகள் வழக்காடியும் அவர் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை.

ஜங்புராவுக்கு அருகே வாய்க்கால் கரையில் இருந்த, எல்லோரும் கேம்ப் என்று சொல்லும் தமிழர் குடியிருப்பு இடிக்கப்பட்டபின், சில குடும்பங்களுக்குத் தில்லியின் ஓரத்தில் நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. கிடைக்காதவர்கள் தங்கள் காகிதங்களோடு ஓர் அரசு அலுவலகத்தில் விசாரணைக்கு வர வேண்டியிருந்தது. யாருக்கு எந்த நாள் என்ற பட்டியல் ஆங்கிலத்தில், ஸ்கேன் செய்த பக்கங்களாக வெளியானது. அதைத் தமிழில் தேடிப் பார்ப்பதற்காக ஓர் இணையதளத்தை அக்கா உருவாக்கச் செய்திருந்தார். செய்துகொடுத்தவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டார். நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை படிக்கிறேன். துறை மாணவர்களின் இதழுக்கு ஓர் இணையப் பக்கம் கட்டியிருந்தேன். அக்காவுக்கு அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது.

"பாதிப் பேர்ட்ட பட்டன் போனு. நான் இங்கேருந்து வாயால சொல்லணும். அவங்க போயி கம்ப்யூட்டர் கடைக்காரன்ட்ட வாயால சொல்லணும். அவன் அடிச்சா பக்கம் வரணும். இந்தச் சனியன நான் எப்படிச் சொல்ல? பெர்சன்ட் ஈ சைபர், பெர்சன்ட் ஏ ஈ-ன்னா?"

எனக்குப் பிடித்தமான வேலை அது. மனிதர்களோடு பேசுவதைவிட எழுதியதைத் திருத்துவது எனக்கு எளிது. கைபேசியில் ஒருவரை அழைப்பதற்கு முன் முதல் வாக்கியத்தை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பவள் நான். இந்த முகவரியையும் அப்படியே ஒரு கையெழுத்துப் படியைப் போலத் திருத்த உட்கார்ந்தேன்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: சந்து எண், குடும்பத் தலைவர் பெயர் (பெண்களுக்குப் பெரும்பாலும் கணவர் பெயர்), விண்ணப்பதாரர் பெயர். நான் செய்தது இவ்வளவுதான். 'தேடு' என்று அழுத்தியதும் சர்வர் மூன்றையும் வாங்கிக்கொள்ளும். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்துகளுக்கு மாற்றும். கேள்விக்குறி, சமக்குறி, கட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் நீக்கி, மூன்று விவரங்களையும் சாய்கோடுகளால் வரிசையாகக் கோத்து, அந்தப் புதிய முகவரிக்குப் பிரவுசரைத் திருப்பி அனுப்பும். தளத்தின் பெயர், ஸ்லாஷ், நான்கு, ஸ்லாஷ், கணவர் பெயர், ஸ்லாஷ், தன் பெயர். அதைப் படித்தால் இன்ன சந்தில் இன்னார் வீட்டு இன்னார் என்று ஒரு வாக்கியத்தின் ஒழுங்கோடு பொருள் தந்தது. கடைசிச் சொல்லை விட்டுவிட்டு, சந்து எண்ணையும் குடும்பத் தலைவரையும் மட்டும் கொடுத்தால் முழுக் குடும்பமும் வரும்படி செய்தேன். கேம்பில் ஒவ்வொரு குடிசைக் கதவிலும் கணக்கெடுப்பின்போது சிவப்புப் பெயிண்டில் எழுதிய எண்ணும் பட்டியலில் ஒரு பத்தியாக இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. எண் யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை என்று நினைத்தேன்.

சோதித்துப் பார்க்கையில் ஒரு சிறு குறை தென்பட்டது. ஏதாவது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால், முகவரியில் இரண்டு சாய்கோடுகள் ஒட்டி நின்றன. அச்சுப் பக்கத்தில் இரண்டு சொற்களுக்கு நடுவே தவறி விழுந்த கூடுதல் இடைவெளி போல அது என் கண்ணை உறுத்தியது. காலியானவற்றை அகற்றிவிடு என்று ஒரே ஒரு வரி எழுதினேன். சாய்கோடு ஒன்றாகியது. ஞாயிற்றுக்கிழமை மாலை அதைத் தளத்தில் ஏற்றிவிட்டு அக்காவுக்கு ஒரு மாதிரி அனுப்பினேன். அவர் அதை உரக்கப் படித்துக் குரல்செய்தியாகத் திருப்பியனுப்பினார். கேட்க நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, சர்வரின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எப்போது எந்த முகவரியைத் திறந்தார்கள் என்று சர்வர் தானாகவே ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். முன்பெல்லாம் அது சதவீதக் குறிகளின் காடு. இப்போது வருகைப் பதிவேட்டைப் போல வரிவரியாகப் படிக்க முடிந்தது. அந்தத் திருப்திக்காகவே படித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலை எட்டு ஐம்பதுக்கு ஒரு வரி: நான்கு, ஸ்லாஷ், ஒரு பெண்ணின் பெயர். அதோடு முடிந்திருந்தது.

நான்காம் சந்தில் அந்தப் பெயரில் குடும்பத் தலைவர் யாரும் இல்லையே என்று தோன்றியது. பட்டியலைத் திறந்தேன். அது விண்ணப்பதாரரின் பெயர். யாரோ சந்து எண்ணையும் அவர் பெயரையும் நிரப்பி, நடுவில் இருந்த கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். என்னுடைய அந்த ஒரு வரி வெற்றிடத்தை அகற்றியது. மூன்றாம் இடத்தில் நிற்க வேண்டிய பெயர் ஓர் இடம் முன்னே நகர்ந்து கணவரின் இடத்தில் நின்றது. அப்படி ஒரு குடும்பத் தலைவரைத் தேடிக் காணாமல், நான் எழுதிவைத்திருந்த வாக்கியத்தைத் தளம் காட்டியிருந்தது: 'பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.' சுருக்கமான, ஐயத்துக்கு இடமில்லாத வாக்கியம். பொய்யான வாக்கியம். பழைய முகவரியில் ஒவ்வொரு விவரத்தின் தலையிலும் அதன் கட்டத்தின் பெயர் நின்றது. குடும்பத் தலைவர் பெயர் என்று எழுதி, சமக்குறி போட்டு, ஒன்றுமில்லை என்றும் அது சொல்லியிருக்கும். நான் குப்பை என்று கூட்டித் தள்ளியது அதைத்தான்.

அந்தப் பெண்ணின் வரிக்கு நேரே விசாரணை நாளைப் பார்த்தேன். இன்று. பதினொன்று முதல் இரண்டு மணி வரை.

மணி பதினொன்று இருபது ஆகியிருந்தது.

வரிசைப்படி ஒருமுறை கூப்பிடுவார்கள், வராதவர்களைக் கடைசியில் இன்னொரு முறை கூப்பிடுவார்கள், அதற்கும் இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மூடிய கோப்பைத் திறப்பதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டவர்களிடம், "இருக்கு. ஆனா அதுக்குள்ள உங்க பேத்தி ரிட்டயர் ஆயிருவா" என்று சொன்னதும் அவர்தான்.

முதலில் பழைய நீண்ட முகவரிகளை மீட்டேன். அதே நேரத்தில் வேறு எவரேனும் ஏதேனும் ஒரு கடையில் நின்றுகொண்டிருக்கலாம். நான்கு நிமிடங்கள் ஆயின. பதிவேட்டை ஞாயிறு மாலை வரை பின்னோக்கிப் படித்தேன். நடுக்கட்டம் விடுபட்ட முகவரிகள் மேலும் மூன்று இருந்தன. அந்த மூன்று பேரும் சற்று நேரத்தில் நடுக்கட்டத்தையும் நிரப்பி மறுபடி தேடியிருந்தார்கள். எட்டு ஐம்பதுக்குத் தேடியவர் மட்டும் மறுபடி தேடவில்லை. அக்காவை அழைத்தேன், விசாரணை அறைக்குள் இருந்தார், கைபேசி அணைந்திருந்தது. செய்தி எழுதிவிட்டு, பட்டியலில் அந்தப் பெண்ணுக்கு நேரே இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தேன். ஒத்திகை பார்க்க நேரமில்லை.

எடுத்தது வேறொரு பெண்.

"கேம்ப் விசாரணை வெப்சைட்லேருந்து பேசறேன்…"

"லைட்டு ஆபீஸ் இல்லியா? காலையிலேருந்து கரண்டு இல்லன்னு கம்ப்ளைண்டு குடுத்துருக்கறோம்."

நான் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அவளா? அவகிட்ட ஏது போனு. எங்க வூட்டு நம்பரதான் எல்லாத்துலயும் எழுதிக் குடுப்பா. நாங்க நரேலாவுக்கு வந்துட்டமே கண்ணு, அவ இங்க இல்ல. ஏன், கூப்புட்டாங்களா?"

"இன்னிக்கு அவங்களுக்கு விசாரணை. இப்ப எங்க இருப்பாங்க?"

"லக்ஷ்மிபாய் நகர்ல சமையலுக்குப் போறா. ரெண்டு வூடு. தமிழ் ஸ்கூலு இருக்குல்ல, அதுக்குப் பின்னால, மேல்மாடி, பால்கனி பூரா துணி காயும். நம்பரு தெரியாது. ஜல்தி போ கண்ணு, மத்தியானத்துக்கு அடுத்த வூட்டுக்குப் போயிருவா."

ஆட்டோவில் ஏறியபோது பதினொன்றே முக்கால். தில்லியில் மேல்மாடிப் பால்கனியில் துணி காயாத குவார்ட்டர்ஸ் எது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்று வரிசைகளிலும் படியேறி இறங்கினேன். அறியாதவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்துவதற்கு வாழ்நாள் முழுவதும் தயங்கியவள் அன்று ஏழு மணிகளை அழுத்தினேன். ஆறு கதவுகளில் இல்லை என்று தலையசைத்தார்கள்; ஒரு கதவில் நாய் குரைத்தது. எட்டாவது கதவுக்கு வந்தபோது உள்ளேயிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வந்தது. கண்ணாடி அணிந்த ஒரு மாமி கதவைத் திறந்தார். மூச்சு வாங்கியபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"அவளுக்குத்தான் பேர் இல்லைன்னு ஆயிடுத்தே. காத்தாலேயே சொல்லி அழுதாளே" என்றார் மாமி.

"இருக்கு மாமி. நாங்கதான் தப்பாக் காட்டிட்டோம். ரெண்டு மணிக்குள்ள போகணும்."

"நன்னாயிருக்கு. குக்கர் இன்னும் ரெண்டு சத்தம் வரணும், குழந்தை ஸ்கூல்லேருந்து ஒரு மணிக்கு வந்துடுவான்…"

சமையலறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். ஒரு கையில் கரண்டி. அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்த்தார். நான் அவருடைய வேலையைப் பற்றி ஒரு நொடியும் யோசித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என்னோடு அவரை அனுப்புவதும் அனுப்பாததும் இப்போது மாமியின் கையில் இருந்தது.

குக்கர் ஒரு சத்தம் போட்டது.

"அடுப்பை நான் பாத்துக்கறேன். சாயங்காலம் வந்து பாத்திரத்தைத் தேய்ச்சுட்டுப் போ" என்றார் மாமி.

அந்தப் பெண் கரண்டியை வைத்துவிட்டுக் கதவின் பின்னால் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தார். கேம்ப் இடிந்த நாளிலிருந்து அந்தப் பெண்கள் எங்கே போனாலும் காகிதங்களைக் கூடவே கொண்டுபோகிறார்கள். காலையில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனபோது எடுத்துச் சென்ற பை அது.

ஆட்டோவில் அவர் பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லோதி ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஓட்டுநரிடம் "ஜல்தி பையா" என்று, சீக்கிரம் அண்ணா என்று, அவர் ஒருமுறை சொன்னார். "பறந்தா போக முடியும் தீதி" என்று ஓட்டுநர் இந்தியில் சொன்னார்.

நடுக்கட்டத்தை அவர் ஏன் காலியாக விட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். கணவன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. ரேஷன் கடையில் பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். தனியாகப் போனால் அட்டையை நீட்டி விரலால் காட்டுவார்கள். இந்த வழக்கத்தைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரைகூட வாசித்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த நான், கணவன் பெயரைக் கேட்கும் கட்டத்தை அப்படியே நடுவில் விட்டுவைத்தேன். காலியாக விட்டால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. அதோடு ஒரு புதிய கவலையும் சேர்ந்தது. விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். இவர் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது? நான் சொல்ல அனுமதிப்பார்களா? அவரிடம் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மண்டி ஹவுஸ் வந்துவிட்டது.

ஒன்று முப்பத்தைந்துக்கு இரண்டாம் மாடி ஏறினோம். தாழ்வாரத்தில் நின்ற அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ரெண்டாவது தடவ கூப்பிட ஆரம்பிச்சாச்சு. உள்ள வாங்க."

மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் இந்தியில் அவர் பெயரைக் கேட்டு எழுதினார். சந்து எண். பிறகு, நிமிராமலே, "பதி கா நாம்?" என்று கணவர் பெயரைக் கேட்டார்.

நான் என் கைபேசியில் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயர் தெரியும்படி பிடித்துக்கொண்டு அரை அடி முன்னே நகர்ந்தேன்.

அந்தப் பெண்ணே கணவர் பெயரைச் சொன்னார். தெளிவாக, சற்று உரக்கவே. எழுதியவர் சரியாக எழுதினாரா என்று எட்டிப் பார்த்து, இன்னொரு முறையும் சொன்னார்.

"அவர் எங்கே?"

"சலா கயா. சார் சால் ஹோ கயா." போய்விட்டார், நான்கு வருடமாகிறது. "ரேஷன் அட்டை அந்தாளு பேர்ல இருக்குதுன்னு எனக்கு வூடு இல்லன்னா எப்பிடி சாப்? இருவத்தி ரெண்டு வருசம் அங்க இருந்தது நானு" என்று பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் சொல்லிவிட்டுப் பையை மேசைமேல் கவிழ்த்தார். அக்கா அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து விரித்து, பேச ஆரம்பித்தார். பதினோரு நிமிடங்கள். அலுவலர் நகல்களை வாங்கிக்கொண்டு, உத்தரவு பின்னர் வரும் என்று ஒரு துண்டுச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். "அக்கா, காலையில பேர் இல்லன்னு வந்தது என் தப்பு. கடைக்காரர் தப்பு இல்ல. நான் செஞ்ச வெப்சைட் அது."

"அப்டியா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் அந்தக் கடைக்கார பையாவை வாய்க்கு வந்தபடி ஏசிட்டனே. வெறும் கையோட வந்துட்டேன், பிரிண்டு கூட எடுக்கல."

"நீங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லலையா அங்க?"

"கடையில பத்துப் பேரு நின்னுகினு இருந்தானுங்க. எல்லாம் கேம்ப் ஆளுங்க. அந்தாளு பேரைச் சொன்னா, எங்க அவன், யாரோட இருக்கறான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குத்தான் அத வுட்டுட்டு அடின்னேன். ஆபீசரு கேட்டா சொல்லணும். ஊரு கேட்டா எதுக்குச் சொல்லணும்?"

நான் ஆட்டோவில் கட்டிவைத்திருந்த விளக்கம் முழுவதும் தவறு.

அக்கா படியிறங்கிக்கொண்டே, "பேரே எதுக்கு பிள்ள? கதவுல நம்பர் அடிச்சிருந்தானே, அது உன் லிஸ்ட்டுல இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"அப்புறம் என்ன? சொல்றதுக்கு யாருக்கும் கூச்சம் கிடையாது. பேரு போட்டா அழகா இருக்கும்னு போட்டியோ?"

ஆமாம் என்று சொன்னேன். அவர் கோப்புகளை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

அந்தப் பெண்ணிடம் அவருடைய கதவு எண்ணைக் கேட்டேன். சந்து நான்கு, எண் அறுபத்தொன்று என்று யோசிக்காமல் சொன்னார்.

அன்று மாலை படிவத்தை மாற்றினேன். இப்போது இரண்டே கட்டங்கள். இரண்டையும் நிரப்பாவிட்டால் படிவம் நகராது, எது குறைகிறது என்று சொல்லும். முகவரி, தளத்தின் பெயருக்குப் பின்னால் இரண்டு எண்களோடு முடிந்துவிடும். தமிழ் எழுத்து உடைவதற்கும் அதில் எதுவும் இல்லை. கடையில் நிற்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் எதுவும் இல்லை. பழைய நீண்ட லிங்க்குகளை யாராவது அழுத்தினால் அவர்களையும் புதிய முகவரிக்கே கொண்டுசேர்க்கும்படி செய்தேன். 'பட்டியலில் உங்கள் பெயர் இல்லை' என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'இந்த எண்ணில் தேடிக் கிடைக்கவில்லை. இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று எழுதி, என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். அழைப்புகள் வருகின்றன. முதல் மணியிலேயே எடுக்கப் பழகிவருகிறேன்.

நான்கு, அறுபத்தொன்று என்ற பக்கத்தில் 'உத்தரவு நிலுவையில்' என்று இன்றுவரை இருக்கிறது. திங்கட்கிழமைகளில், காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், அந்தப் பக்கத்தை யாரோ திறக்கிறார்கள். ஒரே ஒரு முறைதான். அதற்கு முன்பே நான் ஒருமுறை திறந்து பார்த்திருப்பேன். மாற்றி எழுத எதுவும் வந்திருக்காது.